அரசு, அரசாங்கம், அதிகாரம்: கொங்குப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபி, பெருந்துறை, தாராபுரம் பக்கத்து நூலகங்களில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களும், கிராம சபைக்குத் தவறாமல் வருகிறவர்களும், மனுவை எழுதி வைத்துக்கொண்டு எந்த அலுவலகத்துக்குப் போவது என்று தெரியாமல் நிற்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறோம். முன்பே சொன்னதைப் பின்னால் மறுபடி சொல்லவில்லை. அதனால் வரிசையாகப் படிப்பது நல்லது.

அரசுங்கறதும் அரசாங்கங்கறதும் ஒண்ணுதானுங்களே? புஸ்தகத்துல எதுக்கு ரெண்டா பிரிச்சு வெச்சிருக்காங்க?

பேச்சில் இரண்டையும் மாற்றி மாற்றித்தான் சொல்கிறோம். அரசியல் அறிவியலில் அரசு என்றால் நான்கு கூறுகள் இருக்க வேண்டும்: மக்கள், எல்லை வகுத்த நிலப்பரப்பு, அரசாங்கம், இறைமை என்னும் இறுதி அதிகாரம். 1933-ல் உருகுவேயின் மாண்டிவிடியோ நகரில் கையெழுத்தான ஒப்பந்தம், இறைமைக்குப் பதிலாக 'மற்ற அரசுகளோடு உறவு வைத்துக்கொள்ளும் திறன்' என்று சொல்கிறது. ஆக, அரசாங்கம் என்பது அரசின் நான்கு கூறுகளில் ஒன்று. அரசின் பெயரால் சட்டம் போட்டு, வரி வாங்கி, ஆணையிடும் அமைப்பு அது. அரசாங்கத்தை நடத்துகிறவர்கள் தேர்தலுக்குத் தேர்தல் மாறலாம். அரசு அப்படி மாறுவதில்லை.

இதை ஏட்டுச் சுரைக்காய் என்று நினைத்துவிடாதீர்கள். பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டத்துக்கான தமிழ்நாடு – கேரள ஒப்பந்தம் 1970-ல் கையெழுத்தானது. அதற்குப் பின் இரண்டு பக்கமும் எத்தனையோ முறை ஆட்சி மாறிவிட்டது. பொள்ளாச்சி, உடுமலைப் பாசனத்துக்கு இன்றைக்கும் அந்த ஒப்பந்தம்தான் ஆதாரம். கையெழுத்துப் போட்ட அமைச்சரவை போன பிறகும் கடமை நிற்கிறது, ஏனென்றால் கடமையை ஏற்றது அந்த அமைச்சர்கள் அல்ல, மாநிலம் என்னும் நிலையான சட்ட அமைப்பு. அரசு வாங்கிய கடனுக்கும் அரசு கொடுத்த பட்டாவுக்கும் இதுவே விதி.

தேசம் என்பது வேறு. 'நாம் ஒரே மக்கள்' என்ற உணர்வால் சேர்ந்தவர்களைத் தேசம் என்கிறோம். அதற்குத் தனி அரசு இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. துருக்கி, ஈராக், ஈரான், சிரியா என நான்கு அரசுகளில் பிரிந்து வாழும் குர்து மக்கள் இதற்கு எல்லாப் பாடநூல்களும் காட்டும் எடுத்துக்காட்டு.

அப்பக் கொங்கு நாடுங்கறோமே, அது நாடு இல்லீங்களா?

வட்டாரம். பழைய கொங்கு மண்டலத்தை 24 நாடுகளாகச் சொல்வது மரபு: பூந்துறை நாடு, காங்கேய நாடு, தென்கரை நாடு, பொங்கலூர் நாடு என்று போகும். அங்கே நாடு என்றால் பல ஊர்கள் சேர்ந்த ஒரு பிரிவு. மேலே சொன்ன நான்கு கூறுகளில் மக்களும் நிலமும் கொங்குக்கு உண்டு. தனி அரசாங்கமும் இறைமையும் இல்லை.

1969 ஜனவரி 14 அன்று சென்னை மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் மாறியது. அந்தத் தமிழ்நாட்டுக்கும் இதே அளவுகோல்தான். சட்டமன்றம், அமைச்சரவை எல்லாம் உண்டு. ஆனால் வெளிநாட்டோடு உடன்படிக்கை செய்யவோ, படை வைக்கவோ, தனிக் குடியுரிமை தரவோ மாநிலத்தால் முடியாது.

இறைமை இறைமைங்கறாங்களே, அது யாருகிட்டத்தான் இருக்குது? பிரதமருகிட்டயா, பார்லிமெண்ட்டுகிட்டயா?

இரண்டு பேரிடமும் இல்லை. தனக்கு மேல் வேறு யாருடைய ஆணையும் இல்லாத இறுதி அதிகாரமே இறைமை. 1576-ல் பிரான்சின் ழான் போதான் இதைக் கோட்பாடாக எழுதியபோது மன்னரை மனதில் வைத்தே எழுதினார். பிரிட்டனில் அது நாடாளுமன்றத்திடம் போய்ச் சேர்ந்தது. அங்கே நாடாளுமன்றம் போட்ட சட்டத்தை நீதிமன்றம் செல்லாது என்று சொல்ல முடியாது.

இந்தியாவில் அரசியலமைப்பின் முகப்புரை 'இந்திய மக்களாகிய நாம்' என்று தொடங்குகிறது. மக்களின் இறைமை அரசியலமைப்பின் வழியாக நடக்கிறது, நாடாளுமன்றமும் அந்த அரசியலமைப்புக்குக் கட்டுப்பட்டதே. 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, 7-க்கு 6 என்ற கணக்கில், அரசியலமைப்பைத் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பைக் குலைக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. ஒரே ஒரு நீதிபதியின் வித்தியாசத்தில் வந்த தீர்ப்பு அரை நூற்றாண்டாக எல்லா ஆட்சிகளையும் கட்டி வைத்திருக்கிறது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

அரசியலமைப்புச் சட்டத்துக்கும் மத்த சட்டத்துக்கும் என்னுங்க வித்தியாசம்? ரெண்டும் ஓட்டெடுப்புலதானே நிறைவேறுது?

ஓட்டெடுப்புக் கணக்கு வேறு. சாதாரணச் சட்டத்துக்கு அன்றைக்கு வந்து ஓட்டுப் போட்டவர்களில் பாதிக்கு மேல் இருந்தால் போதும். அரசியலமைப்புத் திருத்தத்துக்கு 368-ஆவது பிரிவு இரண்டு நிபந்தனை வைக்கிறது: மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், கூடவே ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு. மக்களவையின் 543 இடங்களை வைத்துப் பாருங்கள். 480 பேர் ஓட்டுப் போட்டால் 320 வேண்டும். 390 பேர் மட்டுமே ஓட்டுப் போட்டால் மூன்றில் இரண்டு 260 வருகிறது. ஆனாலும் 260 போதாது, 272 வேண்டும். தேர்வில் பலர் இந்த இரண்டாவது கணக்கில்தான் தவறுகிறார்கள்.

மாநிலங்களவையும் தனியாக இதே அளவில் நிறைவேற்ற வேண்டும், கூட்டுக் கூட்டம் போட்டுச் சரிக்கட்ட முடியாது. மாநிலங்களின் அதிகாரத்தைத் தொடும் திருத்தம் என்றால் பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதலும் வேண்டும். ஜி.எஸ்.டி.யைக் கொண்டுவந்த 101-ஆவது திருத்தம் அந்த வழியாகத்தான் வந்தது.

சட்டமன்றம், அமைச்சரவை, கோர்ட்டு மூணும் தனித்தனின்னு படிக்கறோம். நெசத்துல அப்படியா நடக்குது?

முழுக்கத் தனித்தனி இல்லை. அதிகாரத்தை மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்று 1748-ல் பிரான்சின் மாண்டெஸ்கியூ எழுதினார். அமெரிக்கா அதைக் கறாராக எடுத்துக்கொண்டது: அங்கே அமைச்சர் பொறுப்பில் இருப்பவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்க முடியாது. நம்மிடம் தலைகீழ். அமைச்சர் ஆனவர் ஆறு மாதத்துக்குள் சபை உறுப்பினர் ஆகாவிட்டால் பதவி போய்விடும். நீதித்துறையை மட்டும் தள்ளி நிறுத்தியிருக்கிறார்கள்.

மூன்றும் எப்படி உரசிக்கொண்டே வேலை செய்கின்றன என்று பார்க்க நொய்யல் ஆற்றைப் பாருங்கள். தண்ணீர் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். அதனால் 1974-ன் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தை, சில மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் போட்டுக் கேட்ட பிறகு, அரசியலமைப்பின் 252-ஆவது பிரிவின் வழியாக நாடாளுமன்றம் இயற்றியது. சட்டம் போட்டது சட்டமியற்றும் துறை. அதைச் செயல்படுத்த 1982-ல் அமைந்த தமிழ்நாடு மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் நிர்வாகத் துறையின் கை. சட்டமும் வாரியமும் இருந்தபோதே திருப்பூர்ச் சாயக்கழிவு ஆற்றில் இறங்கியது. 1992-ல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர் தேங்கும் இடமானது. நிலத்தில் உப்பேறிய விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத நிலையை எட்டிய பிறகே திறக்கலாம் என்றது.

கவனியுங்கள், நீதிமன்றத்திடம் போலீசும் இல்லை, மின் இணைப்பைத் துண்டிக்க ஆளும் இல்லை. உத்தரவை நடத்திக் காட்ட வேண்டியது நிர்வாகமே. 'தீர்ப்பு வந்தும் ஒண்ணும் நடக்கலை' என்ற புகார் பெரும்பாலும் இந்த இடத்தில் பிறக்கிறது. அதற்கு மருந்து புது வழக்கு அல்ல. அதே நீதிமன்றத்தில் அவமதிப்பு மனு போடலாம், அதற்கு ஓராண்டுக் கெடு உண்டு.

கலெக்டருக்கு நாம ஓட்டுப் போடறதில்லீங்க. அப்பறம் எப்படி எம்.எல்.ஏ.வை விட அவருக்கு அதிகாரம் இருக்குது?

இருவரும் வேறு வேறு துறை. எம்.எல்.ஏ. சட்டமியற்றும் துறையைச் சேர்ந்தவர். அமைச்சராகாதவரை அவருக்கு ஆணையிடும் அதிகாரம் இல்லை. கேள்வி கேட்கலாம், பரிந்துரைக்கலாம், சபையில் ஓட்டுப் போடலாம். கலெக்டர் நிர்வாகத் துறையின் நிரந்தரப் பகுதி. அமைச்சரவை மாறும், அதிகாரிகள் தொடர்வார்கள். 1772-ல் வங்காளத்தில் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) ஆட்சி வரி வசூலுக்கு உண்டாக்கிய பதவி அது. திப்பு 1799-ல் வீழ்ந்த பின் கோயமுத்தூர்ப் பக்கமும் வந்தது.

கலெக்டர் என்ற ஒரே ஆளிடம் பல தொப்பிகள் இருக்கின்றன. நிலம், பட்டா விஷயத்தில் வருவாய் அதிகாரி. கூட்டம் கூடத் தடை விதிக்கும்போது மாவட்ட நடுவர், அதற்கு 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-க்குப் பதில், அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-ஆவது பிரிவு. தேர்தல் வந்தால் மாவட்டத் தேர்தல் அதிகாரி. 1994-ன் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி ஊராட்சிகளின் ஆய்வாளரும் அவரே. அந்தச் சட்டத்தின் 205-ஆவது பிரிவின்கீழ், விளக்கம் கேட்டு, உறுப்பினர்களின் கருத்தையும் பெற்று, ஓட்டு வாங்கி வந்த தலைவரையே பதவி நீக்க முடியும். தேர்ந்தெடுத்தவரை நியமன அதிகாரி நீக்கலாம் என்பது உள்ளாட்சித் தன்னாட்சிக்குப் பொருந்தாது என்பதே எங்கள் கருத்து. சட்டம் இன்றைக்கு அப்படித்தான் இருக்கிறது.

மனு எழுதும்போது 'கலெக்டர் அவர்களுக்கு' என்று மட்டும் எழுதாமல், எந்தத் தொப்பியில் கேட்கிறீர்கள் என்பதையும் எழுதினால் கோப்பு சரியான பிரிவுக்குப் போகும்.

எங்கூரு ரோடு குண்டும் குழியுமா கெடக்குது. யாருகிட்டத்தானுங்க மனு குடுக்கோணும்?

முதலில் ரோடு யாருடையது என்று பாருங்கள். ஊருக்குள் இருக்கும் தெருவும் சிறு சாலையும் கிராம ஊராட்சிக்கு உரியவை. பல ஊர்களை இணைக்கும் சாலை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கலாம், அதற்கு வட்டார வளர்ச்சி அலுவலர். மாவட்ட இதரச் சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாநில நெடுஞ்சாலை மூன்றும் மாநில நெடுஞ்சாலைத் துறை. சேலத்திலிருந்து பவானி, பெருந்துறை, அவிநாசி வழியாகக் கொச்சி போகும் 544 தேசிய நெடுஞ்சாலை ஒன்றிய அரசின் கீழ். ஓரத்து மைல்கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை.

மனுவில் சாலையின் பெயர், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, ஏறக்குறைய எத்தனை மீட்டர் கெட்டிருக்கிறது, தேதியோடு எடுத்த படம், முன்பே மனு கொடுத்திருந்தால் அதன் எண், இவ்வளவும் இருக்கட்டும். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கலாம். கொடுத்ததும் பதிவு எண் உள்ள சீட்டை வாங்காமல் வராதீர்கள். அடிக்கடி நடக்கும் தவறு, ஒரே மனுவில் ரோடு, தண்ணீர், தெருவிளக்கு, பட்டா என்று நான்கையும் எழுதுவது. ஒரு மனு ஒரு துறைக்குத்தான் அனுப்பப்படும். அந்தத் துறை தனக்குச் சேர்ந்ததற்கு மட்டும் பதில் எழுதி முடித்துவிடும், மற்ற மூன்றும் அங்கேயே நின்றுபோகும். கோரிக்கைக்கு ஒரு தாள் வையுங்கள்.

பதில் வராவிட்டால் 2005-ன் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், கெடு 30 நாள். 'ஏன் ரோடு போடவில்லை' என்று கேட்டால் 'தகவல் இல்லை' என்றே பதில் வரும், ஏனென்றால் அந்தச் சட்டம் தருவது ஆவணத்தை, விளக்கத்தை அல்ல. 'இந்தச் சாலைக்கு ஒதுக்கிய தொகை, பணி ஆணையின் நகல், அளவுப் புத்தகத்தின் நகல்' என்று கேளுங்கள். பதில் வராவிட்டாலோ திருப்தியில்லை என்றாலோ 30 நாளுக்குள் அதே துறையின் மேல் அதிகாரிக்கு முதல் மேல்முறையீடு. அதன் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது.

கிராம சபையில தீர்மானம் போட்டா அரசாங்கம் கேட்டே ஆகோணுமுங்களா?

விஷயத்தைப் பொறுத்தது. 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த பின், கிராம சபை என்பது அரசியலமைப்பிலேயே பெயர் சொல்லப்பட்ட அமைப்பு. வாக்காளர் பட்டியலில் இருக்கிற எல்லோரும் உறுப்பினர்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கூடுகிறது.

ஊராட்சியின் கைக்குள் இருக்கும் வேலையில், அதாவது எந்தப் பணி முதலில், பயனாளி பட்டியல், வரவு செலவு போன்றவற்றில், தீர்மானத்துக்கு நேரடி மதிப்பு உண்டு. மதுக்கடை வேண்டாம் என்று போட்டால் அது தானாகக் கடையை மூடாது. மது மாநிலப் பட்டியலில் உள்ள பொருள், முடிவு மாநில அரசுடையது. ஆனாலும் அந்தத் தீர்மானம் நீதிமன்றத்திலும் பேச்சுவார்த்தையிலும் வலுவான சான்று. மலைப்பகுதியில் நிலைமை வேறு: 2006-ன் வன உரிமைச் சட்டத்தின்படி உரிமைக் கோரிக்கைகளைப் பெற்றுச் சரிபார்க்கும் வேலையைத் தொடங்குவதே கிராம சபைதான். தாளவாடி, பர்கூர்ப் பக்கத்தவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தீர்மானப் புத்தகத்தில் எழுதி முடிக்கும் முன் வெறும் பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வாசித்துக் காட்டச் சொல்லி, எண்ணைக் குறித்துக்கொண்டு, பிறகு போடுங்கள்.

மாநிலம் ஒன்றியத்துக்குக் கீழதானுங்களே? டெல்லி சொன்னா கேட்டுத்தானே ஆகோணும்?

எல்லாவற்றிலும் அல்ல. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணை, சட்டம் போடும் பொருள்களை மூன்று பட்டியலாகப் பிரித்தது. தொடக்கத்தில் ஒன்றியப் பட்டியலில் 97, மாநிலப் பட்டியலில் 66, பொதுப் பட்டியலில் 47. போலீஸ், பொதுச் சுகாதாரம், வேளாண்மை, உள்ளாட்சி மாநிலத்துக்கு. ராணுவம், ரயில், நாணயம் ஒன்றியத்துக்கு. பொதுப் பட்டியலில் இரண்டு பேரும் சட்டம் போடலாம், மோதினால் ஒன்றியச் சட்டம் நிற்கும். கல்வி 1976-ன் 42-ஆவது திருத்தத்தில்தான் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குப் போனது. எந்தப் பட்டியலிலும் இல்லாத எஞ்சிய அதிகாரம் நாடாளுமன்றத்திடம். ஆக, கூட்டாட்சிதான், ஆனால் ஒன்றியத்தின் பக்கம் கனம் அதிகம்.

பொதுப் பட்டியலில் மாநிலம் ஜெயிக்க ஒரு வாசல் உண்டு: மாநிலச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல். காங்கேயம் காளை வளர்க்கிறவர்கள் இதைக் கண்முன் பார்த்தார்கள். விலங்குவதைத் தடுப்பு பொதுப் பட்டியலில் இருக்கிறது. 1960-ன் ஒன்றியச் சட்டத்தை வைத்து 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் அந்தச் சட்டத்துக்கு மாநிலத் திருத்தம் போட்டது, குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது.

பனியனுக்கும் நூலுக்கும் ஜி.எஸ்.டி. எவ்வளவுன்னு யாருங்க முடிவு பண்றாங்க?

ஜி.எஸ்.டி. கவுன்சில் பரிந்துரைக்கிறது. ஒன்றிய நிதியமைச்சர் தலைவர், மாநில அமைச்சர்கள் உறுப்பினர்கள். ஓட்டில் ஒன்றியத்துக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு வேண்டும். எல்லா மாநிலமும் ஒன்றுசேர்ந்தாலும் 66.67 சதவீதம்தான், 75-ஐ எட்டாது. ஒன்றியத்துக்கும் தன் 33.33-ஐ வைத்துக்கொண்டு ஒன்றும் ஆகாது, மேலும் 41.67 வேண்டும். ஆனால் தடுக்கும் சக்தி ஒன்றியத்துக்குத் தனியாகவே உண்டு, ஒரு மாநிலத்துக்குத் தனியாக இல்லை. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் கவுன்சிலின் பரிந்துரைகள் கட்டுப்படுத்தாது, மதிப்புள்ள ஆலோசனை மட்டுமே என்றது. திருப்பூர்ச் சங்கங்கள் மனு கொடுக்கும்போது டெல்லிக்கு மட்டும் அனுப்பாமல், கவுன்சிலில் உட்காரும் மாநில அமைச்சருக்கும் கொடுக்க வேண்டியது இதனால்தான்.

பாதிப் பேரு கூட ஓட்டுப் போடலை, ஆனா ஜெயிச்சுட்டாருங்க. இது எப்படி?

நம் முறையில் பாதி தேவையில்லை, மற்ற ஒவ்வொருவரையும் விட ஒரு ஓட்டு கூட இருந்தால் போதும். ஒரு கற்பனைத் தொகுதியில் செல்லும் ஓட்டு 2,00,000 என்று வையுங்கள். நான்கு பேர் 70,000, 65,000, 40,000, 25,000 வாங்குகிறார்கள். முதல் ஆள் 35 சதவீதத்தில் ஜெயித்துவிட்டார். செல்லும் ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வாங்காவிட்டால், மனுவோடு கட்டிய டெபாசிட் பணம் திரும்பாது. இங்கே அது 33,333 என்பதால் நான்காவது ஆளுக்கு டெபாசிட் போய்விட்டது. விகிதாசார முறை உள்ள நாடுகளில் 35 சதவீத ஓட்டுக்கு ஏறக்குறைய 35 சதவீத இடம்தான் கிடைக்கும். நம் முறையில் உங்கள் தொகுதிக்கு இவர்தான் பொறுப்பு என்று ஒரு முகம் இருக்கிறது. விகிதாசாரத்தில் ஓட்டு வீணாவது குறைவு, ஆனால் கூட்டணி இல்லாமல் ஆட்சி அமைப்பது கடினம்.

மொடக்குறிச்சியில ஆயிரம் பேரு நின்னாங்கன்னு சொல்றாங்களே, நெசமுங்களா?

நிஜம். 1996 சட்டமன்றத் தேர்தலில் அங்கே 1,033 வேட்பாளர்கள். விவசாயிகள் தங்கள் குறையைக் காட்ட மனுத் தாக்கல் செய்ததையே போராட்டமாக்கினார்கள். வாக்குச் சீட்டு புத்தகமாக அச்சாகி, வாக்குப்பதிவே தள்ளிப்போனது. அப்போது சட்டமன்றத்துக்கு டெபாசிட் 250 ரூபாய்தான். அதே ஆண்டு 5,000 ஆனது, இன்று 10,000, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. சுயேச்சைக்கு 10 பேர் முன்மொழிய வேண்டும் என்ற விதியும் வந்தது.

இன்றைய இயந்திரத்தில் ஒரு வாக்குப்பதிவுக் கருவிக்கு 16 பொத்தான், அதில் ஒன்று நோட்டா, அதாவது 'யாருக்கும் ஓட்டில்லை'. 2023-ல் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் 77 பேர் நின்றதால் ஐந்து கருவிகளை அடுக்க வேண்டியிருந்தது. டெபாசிட்டை உயர்த்தியது விளையாட்டு வேட்பாளர்களைக் குறைத்தது உண்மை. கையில் காசில்லாத உண்மையான வேட்பாளருக்கும் அது சுவர்தான் என்பதை மறக்கக் கூடாது.

நோட்டாவுக்கு எல்லாரையும் விட அதிக ஓட்டு விழுந்தா மறுதேர்தலா?

இல்லை. 2013 செப்டம்பர் 27 தீர்ப்புக்குப் பின் வந்தது நோட்டா. நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களில் அது எவ்வளவு வாங்கினாலும் அதற்கு அடுத்த வேட்பாளர் வென்றவராவார். டெபாசிட் கணக்கிலும் நோட்டா ஓட்டுச் சேராது.

கட்சி மாறினா எம்.எல்.ஏ. பதவி போயிருமுன்னு சட்டம் இருக்குதில்லீங்களா? அப்பறம் எப்படி மாறறாங்க?

1985-ன் 52-ஆவது திருத்தம் பத்தாவது அட்டவணையைச் சேர்த்தது. தானாகக் கட்சியை விட்டாலும், எப்படி ஓட்டுப் போடுவது என்று கட்சிக் கொறடா போட்ட உத்தரவை மீறினாலும் பதவி போகும். மீறியதைக் கட்சி 15 நாளுக்குள் மன்னித்தால் பதவி தப்பும். சுயேச்சையாக ஜெயித்தவர் பிறகு கட்சியில் சேர்ந்தாலும் போய்விடும். ராஜினாமா கடிதம் கொடுத்தால்தான் 'கட்சியை விட்டது' என்று அர்த்தமில்லை, நடத்தையே போதும். 2017 செப்டம்பரில் முதல்வர் மேல் நம்பிக்கையில்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த 18 எம்.எல்.ஏ.க்களைத் தமிழ்நாடு சபாநாயகர் தகுதி நீக்கினார், உயர் நீதிமன்றமும் 2018-ல் அதை ஏற்றது.

மாறுகிறவர்கள் தப்பும் வழி மூன்று. மூன்றில் இரண்டு பங்குப் பேர் சேர்ந்து இன்னொரு கட்சியோடு இணைவது. பதவியை ராஜினாமா செய்துவிட்டு இடைத்தேர்தலில் நிற்பது. மூன்றாவது, சபாநாயகர் முடிவெடுக்காமல் இழுப்பது. முடிவெடுப்பவரே ஒரு கட்சியிலிருந்து வந்தவர் என்பது இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை. அதைத் தனித் தீர்ப்பாயத்திடம் கொடுப்பதே சரி.

356-ல ஆட்சியைக் கலைச்சுட்டா அப்ப மாநிலத்துல அரசே இல்லைன்னுதானே அர்த்தம்?

356 என்பது மாநிலத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவரும் அரசியலமைப்புப் பிரிவு. முதல் கேள்விக்குச் சொன்ன பதிலை இங்கே வைத்துப் பாருங்கள். போனது அமைச்சரவை மட்டுமே. தமிழ்நாட்டில் 1976, 1980, 1988, 1991 ஆகிய ஆண்டுகளில் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தபோதும் தாலுகா அலுவலகம் திறந்தே இருந்தது, நீதிமன்றம் நடந்தது, சம்பளம் போனது. நிர்வாகம் ஆளுநர் வழியாக நடக்கும். இரண்டு மாதத்துக்குள் இரு அவைகளும் ஒப்ப வேண்டும், ஒரு ஒப்புதல் ஆறு மாதம் தாங்கும்.

1994-ல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பின் கண்டபடி கலைப்பது கடினம். பெரும்பான்மை இருக்கிறதா என்பதை ஆளுநர் மாளிகையில் அல்ல, சபைத் தளத்தில் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று அது சொன்னது. 234 பேர் கொண்ட நம் சபையில் அந்த எண் 118.

மாவட்டத்தைப் பிரிக்கற மாதிரி கொங்கு நாட்டையும் தனி மாநிலமாப் பிரிக்க முடியுமுங்களா?

பிரிக்கலாமா கூடாதா என்பது அரசியல் கேள்வி, அதற்குள் இங்கே போகவில்லை. வழிமுறை மட்டும் சொல்கிறோம். மாவட்டம் என்பது நிர்வாக வசதிக்கான பிரிவு. 2009-ல் கோவை, ஈரோடு மாவட்டங்களிலிருந்து பகுதிகளை எடுத்துத் திருப்பூர் மாவட்டத்தை மாநில அரசே உண்டாக்கியது. நாடாளுமன்றத்துக்கு அதில் வேலை இல்லை.

மாநிலத்தைப் பிரிக்க அரசியலமைப்பின் 3-ஆவது பிரிவு. குடியரசுத் தலைவரின் பரிந்துரையோடு மசோதா வர வேண்டும். சம்பந்தப்பட்ட சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும். கேட்டால் போதும், ஏற்க வேண்டும் என்பதில்லை. ஆந்திரச் சட்டமன்றம் 2014 ஜனவரியில் மசோதாவை நிராகரித்த பிறகும் 2014 ஜூன் 2 அன்று தெலங்கானா பிறந்தது. 368-ன் பெரிய கணக்கும் இதற்கு வேண்டாம், சாதாரணப் பெரும்பான்மை போதும். ஒரு தெருவின் பெயரை மாற்ற உள்ளூர்க்காரர் சம்மதம் கேட்கிறோம், ஒரு மாநிலத்தின் எல்லையை மாற்ற அதன் சட்டமன்றத்தின் சம்மதம் தேவையில்லை என்பது நம் கூட்டாட்சியின் மிகப் பலவீனமான இடம்.

அரசாங்கம் வாங்குனா வரி, ரவுடி வாங்குனா மாமூல். ரெண்டும் பயமுறுத்தி வாங்கறதுதானுங்களே?

கடினமான கேள்வி, நல்ல கேள்வி. ஒரு நிலப்பரப்புக்குள் நியாயமான பலப்பிரயோகத்தின் ஏகபோக உரிமையைக் கோரி, அதில் வெற்றியும் பெறும் அமைப்பே அரசு என்று 1919-ல் ஜெர்மனியின் மாக்ஸ் வேபர் சொன்னார். பலம் இரண்டு பேரிடமும் இருக்கிறது. வித்தியாசம் 'நியாயமான' என்பதில் உள்ளது. அதிகாரம் என்றால் நம்மைச் செய்ய வைக்கும் சக்தி. ஏற்புடைமை என்றால் செய்யச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு என்று நாமே ஒப்புக்கொள்வது.

நடைமுறையில் நான்கு சோதனை. சட்டம் இருக்கிறதா: சட்டத்தின் ஆதாரமில்லாமல் எந்த வரியும் விதிக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 265-ஆவது பிரிவு. தொகை எல்லோருக்கும் ஒரே விதிப்படி கணக்கிட்டதா? ரசீது உண்டா? தவறென்றால் மேல்முறையீடு செய்ய இடம் உண்டா? ஊராட்சி வீட்டு வரி இந்த நான்கிலும் தேறும். சான்றிதழுக்கு மேசைக்கு அடியில் கேட்கும் 500 ரூபாய் ஒன்றிலும் தேறாது. அரசு இருக்கையில் உட்கார்ந்து கேட்டாலும் அது மாமூலே.

அப்படிக் கேட்டுக் கட்டாயத்தால் கொடுத்துவிட்டால் ஒரு கெடுவை மனதில் வையுங்கள். 1988-ன் ஊழல் தடுப்புச் சட்டம் 2018-ல் திருத்தப்பட்ட பின் லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. ஆனால் கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவர் 7 நாளுக்குள் காவல் துறையிடமோ லஞ்ச ஒழிப்புத் துறையிடமோ தெரிவித்துவிட்டால் அவர்மேல் குற்றம் வராது. கொடுக்கும் முன்பே புகார் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி கொடுப்பது இன்னும் நல்லது.